அட்டையில் இருக்கும் இரண்டாவது பெயர்

குழந்தைக்குப் படப் புத்தகம் வாசித்துக் காட்டும் அம்மா அப்பாக்கள் என்னிடம் யோசனை கேட்டால் நான் முதலில் சொல்வது இதுதான்: அட்டையில் கதை எழுதியவர் பெயருக்குப் பக்கத்திலோ கீழேயோ இன்னொரு பெயர் இருக்கும், அதையும் சத்தமாக வாசியுங்கள். கதை தொடங்கும் முன்னால், ஒவ்வொரு தடவையும். "கதை இவங்க எழுதினது, படம் இவங்க போட்டது." அவ்வளவுதான். இதைத் தொடர்ந்து செய்தால் குழந்தை பார்க்கிற விதமே மாறுகிறது. என் வீட்டில் அதைக் கண்ணால் பார்த்ததால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நாங்கள் பெங்களூரில் காக்ஸ் டவுன் பக்கம் இருக்கிறோம். வீட்டில் தமிழ், மகளின் பள்ளியில் இங்கிலீஷ், மாடிப்படியில் கன்னடம், பார்க்கில் இந்தி. அவளுக்கு ஐந்து வயது ஆகப்போகிறது. தமிழ் எழுத்து இன்னும் முழுசாகத் தெரியாது, இங்கிலீஷில் சின்னச் சின்ன வார்த்தைகளைக் கூட்டி வாசிப்பாள். ஆனால் புதுப் புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்ததும், "அம்மா, இது அந்த அக்கா போட்ட படம்தானே, மூக்கு அப்படித்தான் இருக்கு" என்கிறாள். திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் சரியாக இருக்கிறது. எழுத்து படிக்கத் தெரியாத குழந்தை ஒரு மனிதரின் கையைப் படிக்கிறது: கோடு தடிமனா மெல்லிசா, கண்ணைப் புள்ளியாக வைக்கிறாரா வட்டமாகப் போடுகிறாரா, மரத்துக்கு இலையை ஒவ்வொன்றாக வரைகிறாரா அல்லது பச்சையை ஒரே தீற்றாகத் தீற்றிவிடுகிறாரா என்றெல்லாம். எழுத்தை எப்படியும் பள்ளிக்கூடம் சொல்லிக் கொடுத்துவிடும். நின்று நிதானமாகப் பார்க்கும் பழக்கத்தை வீட்டில்தான் பிடிக்க வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

தமிழ் வாசிக்கிற வீடுகளுக்கு இது புதுப் பழக்கமும் இல்லை. கல்கியில் 1950-ல் பொன்னியின் செல்வன் தொடங்கியபோது வந்தியத்தேவனும் குந்தவையும் மணியம் கொடுத்த முகத்தோடுதான் ஜனங்கள் மனதில் குடியேறினார்கள். விகடனில் வந்த தில்லானா மோகனாம்பாளை நினைத்தால் பழைய வாசகர்களுக்குக் கோபுலுவின் கோடுகளும் சேர்ந்தே நினைவுக்கு வரும். ஓரத்தில் இருக்கும் கையெழுத்தைப் பார்க்காமலே இது யார் போட்டது என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் எல்லோர் குடும்பத்திலும் இருந்தார்கள். என் அப்பா அப்படிப்பட்டவர். வாணியம்பாடியிலிருந்து இங்கே வந்து தங்கும்போது, பைண்டு செய்து வைத்திருந்த பழைய அம்புலிமாமா ஒன்றைப் பேத்திக்காகக் கொண்டுவந்தார். 1947-ல் தொடங்கிய பத்திரிகை அது. தோளில் பிணத்தைச் சுமந்துகொண்டு கையில் வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தன் படத்தைக் காட்டி, "இது சங்கர் போட்டது" என்றார். கே.சி. சிவசங்கரன் என்று முழுப் பெயரையும் சொன்னார். அந்த ஓவியர் 2020-ல் காலமானார், அடுத்த வருஷம் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். பயப்படுவாள் என்று நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மகளோ, "தாத்தா, ராஜா நடக்கிறாரா ஓடுறாரா?" என்று கேட்டாள். இரண்டு பேரும் காலைப் பார்த்து, துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்து, நடக்கத்தான் செய்கிறார், ஆனால் வேகமாக என்று முடிவு செய்தார்கள். ஒரே ஒரு படத்துக்கு அவ்வளவு நேரம்.

தொடர்கதைக்கு ஓவியர் பெயர் தெரிந்த நமக்குக் குழந்தைப் புத்தகத்தில் மட்டும் அந்தப் பெயர் ஏன் தெரியாமல் போனது? கடையில் கேட்டால் எழுத்தாளர் பெயரை வைத்துத்தான் தேடுகிறார்கள். ஆன்லைனில் வாங்கப் போனால் பல சமயம் ஓவியர் பெயர் விவரத்திலேயே இருப்பதில்லை. இங்கிலாந்தில் சாரா மெக்இன்டயர் என்ற ஓவியர் இதற்காகவே ஓர் இயக்கம் நடத்தினார், ஓவியர் பெயரை அட்டையிலும் விமர்சனத்திலும் பட்டியலிலும் போடுங்கள் என்று. மூன்று நான்கு வயதுக் குழந்தைக்கான புத்தகத்தில் பக்கத்துக்கு ஒரு வரி இருக்கும், சில நேரம் அதுவும் இருக்காது. மீதி முழுக்கப் படம். குழந்தை தானாகப் படிக்கும் பகுதியும் அதுதான்.

நாங்கள் எப்படிப் பார்க்கிறோம் என்பதைச் சொல்கிறேன். முதலில் புத்தகத்தை விரித்து முன்னட்டை, பின்னட்டை இரண்டையும் ஒன்றாகத் தரையில் வைத்துப் பார்ப்போம். பல புத்தகங்களில் இரண்டும் சேர்ந்து ஒரே படமாக இருக்கும். முன்னால் பாதி மரம், பின்னால் மீதி மரமும் அதில் ஒளிந்திருக்கும் பூனையும். அப்புறம் அட்டையைத் திறந்ததும் வரும் முதல் இரட்டைத் தாள். கதை இன்னும் தொடங்கவில்லை என்று நாம் வேகமாகத் தள்ளிவிடும் தாள் அது. நல்ல ஓவியர்கள் அங்கேயே வேலையை ஆரம்பித்திருப்பார்கள். முன் தாளில் இருக்கும் படமும் கடைசித் தாளில் இருக்கும் படமும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் ஏதோ ஒன்று மாறியிருக்கும். அது என்ன என்று கண்டுபிடிப்பதற்காகவே மகள் முன்னும் பின்னும் புரட்டுவாள்.

படப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம் இருக்கும். பெரிய தாளை மடித்து வெட்டும்போது 8, 16 என்று வரும் கணக்கு அது. தலைப்பு, பதிப்பு விவரமெல்லாம் போக, ஓவியர் கையில் பதினாலு பதினைந்து இரட்டைப் பக்கங்கள்தான் மிஞ்சும். அதனால் எந்த இடத்தில் பக்கம் திரும்ப வேண்டும், திருப்பினால் என்ன கண்ணில் பட வேண்டும் என்று யோசித்து யோசித்துத்தான் வைத்திருப்பார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு பக்கம் திருப்பும் வேலையை முழுசாக மகளிடம் விட்டுவிட்டேன். ஒரே பக்கத்தில் நெடுநேரம் நின்றாலும் சரி, இரண்டு பக்கம் பின்னால் போனாலும் சரி, "அடுத்தது, அடுத்தது" என்று நான் சொல்வதில்லை.

முதல் சுற்றில் எழுத்தையே வாசிப்பதில்லை. படத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போவோம். கதை என்ன என்று அவள் சொல்வாள், நான் கேட்பேன். இரண்டாவது சுற்றில் எழுத்தோடு வாசித்தால் அவள் நினைத்தது எங்கே ஒத்துப்போகிறது, எங்கே வேறு மாதிரி இருக்கிறது என்று அவளுக்கே ஓர் ஆவல் வந்துவிடுகிறது. தூங்கும் நேரத்தில் இந்த இரண்டு சுற்று வேலை நடக்காது. சனி, ஞாயிறு காலையில், வெளிச்சம் வருகிற ஜன்னல் பக்கம் உட்கார்ந்து செய்கிறோம். இரவுக்குத் தெரிந்த பழைய புத்தகம்தான் நல்லது.

என்ன கேட்பது என்பதும் முக்கியம். "இது என்ன கலர்? எத்தனை வாத்து இருக்கு, எண்ணு பாக்கலாம்" என்று வீட்டுக்கு வருகிற பெரியவர்கள் எல்லோரும் அன்போடுதான் கேட்கிறார்கள், ஆனால் அது பரீட்சை. விடை கேட்பவருக்கே தெரியும் என்று குழந்தைக்கும் தெரியும். நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் கல்விப் பிரிவில் இருந்த பிலிப் யெனவைனும், அபிகெயில் ஹவுசன் என்ற உளவியலாளரும் சேர்ந்து ஓவியம் பார்ப்பதற்கு ஒரு முறையை உருவாக்கினார்கள். அதில் இருப்பவை மூன்றே கேள்விகள். எங்கள் வீட்டுப் பேச்சில் அவை இப்படி: "இதுல என்ன நடக்குது?" "எதைப் பாத்து அப்படிச் சொல்ற?" "இன்னும் என்ன தெரியுது?" இரண்டாவது கேள்விதான் இதில் உயிர். ஒருநாள் மழை பெய்கிற தெரு ஒன்றின் படத்தைப் பார்த்து, "இந்த வீட்டுல சண்டை நடந்திருக்கு" என்றாள். எதைப் பார்த்துச் சொல்கிறாய் என்று கேட்டேன். வாசலில் ஒரு செருப்பு கவிழ்ந்து கிடக்கிறது, மற்ற வீட்டுச் செருப்பெல்லாம் ஜோடியாக இருக்கிறது என்று காட்டினாள். கதையில் சண்டை எதுவும் கிடையாது. ஆனால் ஓவியர் அந்தச் செருப்பைக் கவிழ்த்துத்தான் போட்டிருக்கிறார், நான் அதைக் கவனிக்கவே இல்லை. அவள் சொன்னதைச் சரி என்றும் தப்பு என்றும் சொல்லாமல், "ஆமா, கவிழ்ந்து கிடக்கு" என்று மட்டும் சொன்னேன். பார்த்ததை நாமும் பார்த்தோம் என்று காட்டினால் போதும், அடுத்ததைத் தேட அதுவே தெம்பு.

படம் ஒன்று சொல்ல, எழுத்து இன்னொன்று சொல்லும் புத்தகங்களைத் தேடிப் பிடியுங்கள். குழந்தைக்கு அதுபோல மகிழ்ச்சி தருவது வேறில்லை. பேட் ஹட்சின்ஸ் எழுதி வரைந்து 1968-ல் வந்த ரோசீஸ் வாக் புத்தகத்தில் மொத்தம் 32 வார்த்தைகள்தான். ஒரு கோழி பண்ணையைச் சுற்றி நடந்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறது, எழுத்தில் இருப்பது அவ்வளவே. படத்திலோ ஒரு நரி பின்னாலேயே வந்து ஒவ்வொரு இடத்திலும் மாட்டிக்கொள்கிறது. நரி என்ற வார்த்தை புத்தகத்தில் எங்குமே கிடையாது. இதை வாசிக்கும்போது என் குரலில் எந்த ஏற்ற இறக்கமும் வராமல், ஒன்றுமே நடக்காத மாதிரி வாசிப்பேன். மகள் எழுந்து நின்று கத்துவாள், "அம்மா! பின்னாடி நரி! சொல்லும்மா அதுகிட்ட!" வாசிக்கிற பெரியவருக்குத் தெரியாத ரகசியம் குழந்தைக்குத் தெரிகிற நேரம் அது, அதைக் கெடுத்துவிடக் கூடாது.

அதேபோல மாரிஸ் சென்டாக் 1963-ல் கொண்டுவந்த வேர் த வைல்ட் திங்ஸ் ஆர். இதை நிறையப் பேர் வாங்கி வைத்திருக்கிறார்கள், ஆனால் படத்தின் அளவைக் கவனித்திருக்கிறார்களா என்று தெரியாது. தொடக்கத்தில் சுற்றிலும் வெள்ளை விட்டுச் சின்னதாக இருக்கும் படம், பையனின் அறையில் காடு வளர வளரப் பக்கத்துக்குப் பக்கம் பெரிதாகிறது. நடுவில் மூன்று இரட்டைப் பக்கங்களில் எழுத்தே இல்லை, முழுக்கக் கும்மாளம். கடைசிப் பக்கத்தில் தலைகீழ், எழுத்து மட்டும், படம் கிடையாது. அந்த மூன்று இரட்டைப் பக்கங்கள் வந்ததும் சிலர் எழுத்து இல்லையே என்று சட்டென்று புரட்டிவிடுகிறார்கள். அங்கேதான் நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்தப் பக்கங்களுக்குப் பாத்திரத்தைத் தட்டுவது வழக்கம், கீழ் வீட்டுக்காரர்களிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு.

ஓவியரின் பெயர் குழந்தை மனதில் நிற்க வேண்டுமென்றால் ஒரே விஷயத்தை இரண்டு பேர் வரைந்த புத்தகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எங்களுக்கு அது இரண்டு அம்மாச்சிகள் மூலம் நடந்தது. பிரியா குரியன் வரைந்த அம்மாச்சீஸ் கிளாசஸ் ஒரு சொல்லும் இல்லாத புத்தகம், துலிகா வெளியீடு. காலையில் எழுந்த பாட்டிக்கு மூக்குக் கண்ணாடியைக் காணோம், அப்புறம் நடக்கிற கூத்தெல்லாம் படத்தில்தான். ராஜீவ் ஐப் எழுதி வரைந்த அம்மாச்சீஸ் அமேசிங் மெஷின்ஸ், பிரதம் புக்ஸ் வெளியீடு. அதில் பேரனும் பாட்டியும் தேங்காய் பர்ஃபி செய்வதற்காக நெம்புகோல், கப்பி என்று எளிய இயந்திரங்களைப் பயன்படுத்துகிறார்கள். இரண்டையும் தரையில் விரித்து வைத்து எந்த அம்மாச்சி நம்ம பாட்டி மாதிரி என்று கேட்டேன். வெகுநேரம் மாறி மாறிப் பார்த்தாள். "உட்காந்தா இந்த அம்மாச்சி, வேலை செஞ்சா அந்த அம்மாச்சி" என்றாள். அன்றிலிருந்து பிரியா அக்கா, ராஜீவ் மாமா என்று இரண்டு பேரும் எங்கள் வீட்டு மனிதர்களாகிவிட்டார்கள். மற்ற புத்தகங்களில் அவர்களைத் தேடுகிறாள். அலமாரியிலும் ஓவியர் வாரியாகத்தான் அடுக்கியிருக்கிறோம். முதுகு தெரிய அடுக்காமல், சிலவற்றையாவது அட்டை தெரியும்படி சாய்த்து வைத்தால் குழந்தை தானே போய் எடுக்கும்.

பெங்களூர் மாதிரி ஊரில் படத்துக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. எதிர் வீட்டுப் பையன் கன்னடம் பேசுகிறவன், என் மகள் வயதுதான். அவனிடம் கன்னடத்தில் இருந்த ஒரு பிரதம் புத்தகமும் எங்களிடம் தமிழில் இருந்த புத்தகமும் ஒன்றே என்று இருவரும் கண்டுபிடித்த நாளில் வீடே அமர்க்களப்பட்டது. எழுத்து வேறு, படம் ஒன்று. இரண்டையும் ஒரே பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, அவன் கன்னடத்தில் சொல்ல இவள் தமிழில் சொல்ல, படத்தைத் தொட்டுத் தொட்டு எது என்ன என்று பேசிக்கொண்டார்கள். அப்படித்தான் அவனுடைய ஆனெயும் இவளுடைய யானையும் ஒன்றாயின. சொல் இல்லாத புத்தகமென்றால் இன்னும் வசதி, அங்கே யாருடைய மொழியும் பெரிது இல்லை. அடுக்குமாடியில் நான்கு மொழிக் குழந்தைகளை ஒன்றாக உட்கார வைக்க வேண்டுமென்றால் அதைத்தான் எடுப்பேன்.

பிரதம் புக்ஸ் பெங்களூர் நிறுவனம்தான், 2004-ல் தொடங்கியது. அவர்களுடைய ஸ்டோரிவீவர் தளம் 2015-லிருந்து இருக்கிறது. தமிழ், கன்னடம் உட்படப் பல மொழிகளில் கதைகளைக் காசில்லாமல் வாசிக்கலாம், இறக்கிக்கொள்ளலாம், பிரின்ட் எடுக்கலாம். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் தருகிறார்கள். எழுதியவர், வரைந்தவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்பதுதான் அந்த உரிமத்தின் முக்கிய நிபந்தனை. அந்தப் பெயர்களை எடுத்துவிட்டு வாட்ஸ்அப்பில் படத்தை மட்டும் அனுப்பாதீர்கள், தயவுசெய்து. தமிழ் மொழிபெயர்ப்பு சில இடங்களில் விறைப்பாக இருக்கும், நான் எங்கள் வீட்டுப் பேச்சுக்கு மாற்றித்தான் வாசிக்கிறேன், படம் அதற்கு இடம் கொடுக்கும். ஆனால் போனில் பார்ப்பதைத் தேர்ந்தெடுப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரட்டைப் பக்கத்துக்கு விரிந்த படம் போன் திரையில் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிடும், ஓவியர் அந்த அளவுக்காக வரையவில்லை. பிடித்ததைத் தாளில் வாங்குங்கள்.

இனி, கொஞ்சம் விலை அதிகமானாலும் ஒவ்வொரு வீட்டிலும் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று நான் நினைக்கும் வகைப் புத்தகம். சென்னை தாரா புக்ஸ் 2006-ல் வெளியிட்ட த நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ். பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி என்ற மூன்று கோண்டுப் பழங்குடி ஓவியர்களின் மரங்கள். கையால் செய்த கறுப்புத் தாளில் ஒவ்வொரு நிறமாகக் கையாலேயே ஸ்கிரீன் பிரின்ட் செய்து, கையாலேயே தைத்த புத்தகம். ஒவ்வொரு பிரதிக்கும் எண் போட்டிருக்கும். பக்கத்தை மூக்கருகே கொண்டுபோனால் மை வாசனை வரும், விரலால் தடவினால் மை தாளின் மேல் லேசாக எழும்பி நிற்பது தெரியும். கையைக் கழுவிவிட்டு, என் மடியில் உட்கார்ந்துதான் மகள் இதைப் பார்ப்பாள். குழந்தைகளுக்குப் பளிச்சென்று மஞ்சளும் சிவப்பும்தான் பிடிக்கும் என்று நாமாக முடிவு செய்து வைத்திருக்கிறோம். கறுப்பின் மேல் விரிந்த மரத்தை அவள் எவ்வளவு நேரம் பார்க்கிறாள் என்பதைக் கண்ட பிறகு, எனக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கை இல்லை.

கோண்டு ஓவியத்தில் உருவத்தை வரைந்த பிறகு உள்ளே நிரப்பும் கோடு, புள்ளி, வளைவு ஒவ்வொரு ஓவியருக்கும் தனித்தனி. அதுதான் அவர்கள் கையெழுத்து மாதிரி. மூன்று பேரின் மரங்களையும் காட்டி யாருடையது எது என்று கண்டுபிடிக்கும் விளையாட்டு எங்களுக்குச் சலிப்பதே இல்லை. பஜ்ஜு ஷ்யாம் மத்தியப் பிரதேசத்தில் பாடன்கர் என்ற கிராமத்துக்காரர், 2018-ல் பத்மஸ்ரீ வாங்கியவர். லண்டனில் ஓர் உணவகத்துச் சுவரில் ஓவியம் வரையப் போனவர், அந்த ஊரைத் தன் ஊர்க் கண்ணால் வரைந்து ஒரு புத்தகம் செய்தார். அதில் பிக் பென் கோபுரமும் சேவலும் ஒன்றாகக் கலந்திருக்கும், இரண்டும் நேரம் சொல்கிறவை அல்லவா. பஸ் ஒரு நாயாக இருக்கும், காத்திருந்தால் தவறாமல் வந்து கூட்டிப்போகும் நண்பன் என்பதால். இதைப் பார்த்த பிறகு மகளிடம், நம்ம மெட்ரோ என்ன பிராணி என்று கேட்டேன். அல்சூர் ஸ்டேஷன் வரும்வரை யோசித்துவிட்டு, மரவட்டை என்றாள், கால்கள் எல்லாம் உள்ளே நிற்கிறவர்களுடையது. அதை வரைந்தும் வைத்திருக்கிறாள்.

வரையச் சொல்வதைப் பற்றி ஒரு வார்த்தை. படத்தைப் பார்த்து அப்படியே வரை என்று சொல்லாதீர்கள், அது சோர்வுதான் தரும். ஓவியர் எதை வைத்து வரைந்தார் என்று பார்த்து, அதைக் கையில் கொடுங்கள். எரிக் கார்ல் மெல்லிய டிஷ்யூ தாளில் முதலில் வண்ணம் தீட்டிக் காயவைத்து, அதைத்தான் வெட்டி ஒட்டினார். அவருடைய த வெரி ஹங்ரி கேட்டர்பில்லர் புத்தகத்துக் கம்பளிப்புழு 1969-லிருந்து உலகம் முழுக்க ஊர்ந்துகொண்டிருப்பது அப்படி ஒட்டிய தாளில்தான். அவென்யூ ரோடு ஸ்டேஷனரிக் கடைகளில் டிஷ்யூ தாள் கட்டாகக் கிடைக்கும். அதில் பழைய சீப்பு, பாத்திரம் தேய்க்கிற நார், வெண்டைக்காய்க் காம்பு என்று எதை வேண்டுமானாலும் வண்ணத்தில் தோய்த்து இழுக்கலாம். ஒருநாள் தீட்டல், காய்ந்த பிறகு இன்னொரு நாள் வெட்டல். ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் ஈரத்தாள் கையோடு கிழிந்து வரும்.

இன்னொன்று, நிறத்தைக் குறைத்துக் கொடுப்பது. அனுஷ்கா ரவிசங்கர் எழுதி புலக் பிஸ்வாஸ் வரைந்த டைகர் ஆன் எ ட்ரீ முழுவதும் கறுப்பும் ஆரஞ்சும்தான். புலிக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? அந்தப் புத்தகம் பார்த்த அன்று பெரிய கிரேயான் டப்பாவை எடுத்து வைத்துவிட்டு இரண்டே நிறம் கொடுத்தேன். இந்த இரண்டை வைத்து ராத்திரியை எப்படிப் போடுவது, தண்ணீரை எப்படிப் போடுவது என்று அவளே வழி கண்டுபிடிக்க ஆரம்பித்தாள். டப்பா முழுக்க நிறம் இருந்த நாட்களில் இப்படி யோசித்து நான் பார்த்ததில்லை.

வாங்கும்போது எனக்கு ஒரு விதி உண்டு: ஓவியர் பெயர் போடாத குழந்தைப் புத்தகத்தை வாங்குவதில்லை. கெட்டி அட்டையில் ஆப்பிள், பந்து, பூனை என்று வருகிற மலிவுப் புத்தகங்களைத் திருப்பிப் பாருங்கள், யார் வரைந்தது என்று இருக்காது. எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய படங்கள், ஒரு பக்கத்துப் பூனைக்கும் அடுத்த பக்கத்து நாய்க்கும் சம்பந்தமே இருக்காது. மலிவாக வேண்டுமென்றால் நேஷனல் புக் டிரஸ்ட் இருக்கிறது, 1957-லிருந்து நடக்கும் நிறுவனம், தமிழிலும் குழந்தைப் புத்தகங்கள் போடுகிறார்கள், ஓவியர் பெயரும் இருக்கும், நல்ல ஓவியர்கள் வரைந்தவை. புத்தகப் பரிசு கொடுக்கிறவர்களிடமும் இந்த விதியைச் சொல்லி வைத்திருக்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

இங்கே எங்கே பார்ப்பது என்றால், கப்பன் பார்க்குக்குள்ளேயே இந்திரா பிரியதர்ஷினி குழந்தைகள் நூலகம் இருக்கிறது. குக் டவுனில் லைட்ரூம், குழந்தைப் புத்தகத்துக்கென்றே உள்ள கடை, உட்கார்ந்து பார்க்கலாம். எட்வர்ட் ரோடு சம்பகா புத்தகக் கடையில் குழந்தைகளுக்குத் தனி நூலகம் வைத்திருக்கிறார்கள். சர்ச் ஸ்ட்ரீட்டில் பிளாசம், புக்வார்ம் இரண்டிலும் பழைய படப் புத்தகங்கள் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும், ஆனால் தேடுவதற்குப் பொறுமையும் குழந்தைக்கு ஒரு பிஸ்கெட் பாக்கெட்டும் வேண்டும். தமிழுக்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். அல்சூர் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்கத்தில் நூலகம் இருக்கிறது. சென்னையிலிருந்து ரயிலேறி வரும் சித்தப்பாவோ அத்தையோ யாராக இருந்தாலும் ஸ்வீட் வேண்டாம், துலிகாவின் தமிழ்ப் புத்தகம் ஒன்று வாங்கி வாருங்கள் என்று சொல்லிவிடுகிறேன்.

புத்தகம் கிழிகிறதே என்று கவலைப்படுபவர்களுக்கு: கிழியும். செலோடேப் பிறகு மஞ்சளாகிப் பிசுபிசுக்கும், மெல்லிய வெள்ளைத் தாளைப் பசையால் பின்பக்கம் ஒட்டுவது நல்லது. ஒட்டும் வேலையில் குழந்தையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறதே என்றால், கேட்கட்டும். நாலாவது ஐந்தாவது தடவைதான் ஓரத்தில் இருக்கும் எறும்பு கண்ணில் படும். ஒரு பக்கத்தைப் பார்த்துப் பயந்தால் அந்தப் பக்கத்தை நாம் ஒளித்து வைக்க வேண்டாம், திருப்புகிற அதிகாரம் அவர்கள் கையில் இருந்தால் தாங்களே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பார்த்துக்கொள்வார்கள்.

ஓவியர் என்பவர் எங்கேயோ இருக்கிற பெயர் இல்லை, நம்மைப் போல ஒரு ஆள் என்று குழந்தைக்குக் காட்ட இந்த ஊரில் நல்ல வழி சித்ர சந்தே என்ற ஓவியச் சந்தை. கர்நாடக சித்திரகலா பரிஷத் 2003-லிருந்து நடத்துவது, வழக்கமாக ஜனவரியில் ஒரு ஞாயிறு, குமாரகிருபா ரோடு முழுவதையும் ஓவியர்கள் நிரப்பிவிடுவார்கள். நம் கண் முன்னாலேயே உட்கார்ந்து வரைகிறவர்களும் நிறையப் பேர். அங்கே போகும் முன் மகளுக்கு ஒரு கேள்வி சொல்லிக் கொடுத்தேன், "இதை எதால போட்டீங்க?" விலை என்ன என்று மட்டுமே கேட்டுக் கேட்டு அலுத்திருந்த ஒரு பெரியவர் இந்தக் கேள்விக்குத் தன் தூரிகைகளையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டு, எது அணில் முடி, எது நைலான் என்று இவள் உள்ளங்கையில் தடவிக் காட்டினார். இந்தத் தடவை எதிர் வீட்டுப் பையனையும் கூட்டிப்போகிறோம். நீங்களும் போவதானால் காலையிலேயே போய்விடுங்கள், பதினொரு மணிக்கு மேல் கூட்டத்தில் குழந்தைகளுக்கு ஓவியம் தெரியாது, பெரியவர்களின் முதுகுதான் தெரியும். தண்ணீர், தொப்பி, ஆளுக்கு ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள், பிடித்த படத்தின் கீழே இருக்கும் பெயரைப் பார்த்து எழுதிக்கொள்ள.